ஒழுகிய சீலும் இரண்டு சம்பந்திகளும்

மாப்பிள்ளை கிளம்புகிற அவசரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டாப் போதும் அத்தை. ஓட்ட வேண்டாம்."

முதலில் சொன்னதெல்லாம் காதோடு போயிற்று. கடைசியில் சொன்ன "ஓட்ட வேண்டாம்" மட்டும் பஸ்ஸம்மாவின் நெஞ்சில் மீன்முள் மாதிரி குறுக்கே மாட்டிக்கொண்டது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவளை, அதில் ஏறி இறங்கிய பிள்ளைகள் பஸ்ஸம்மா என்று கூப்பிட, தெருவும் அப்படியே கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. பின்னால் ஒருத்தன் இன்னொருத்தன் தலைமுடியைப் பிடித்து இழுப்பான், ஒருத்தி வாந்தி எடுப்பாள், வெளியே மழை சவுக்கால் அடிப்பது போல் அடிக்கும். பஸ்ஸம்மா ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் ஒரு கண்ணைச் சாலையிலும் வைத்து, கையிலிருக்கிற தண்ணீர் தளும்பாமல் கொண்டுபோவது போலக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் ஓட்ட வேண்டாம் என்றால்?

வாயாடி மாப்பிள்ளையாக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். இவரோ நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசிவிட்டு ஒன்றை விழுங்கிவிடுகிற ஆள். நல்லவர்தான். கல்யாணமாகி இத்தனை மாதத்தில் ஒரு முகச்சுளிப்பு இல்லை. ஆனால் விழுங்கின அந்த ஒரு வார்த்தை என்ன என்று யாருக்குத் தெரியும்? 'உங்களுக்கு வயசாயிடுச்சு' என்பதா? 'பஸ் வேற, இது வேற' என்பதா? பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைப் பயிற்சிக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வண்டியைச் சொல்ல வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே இரண்டு இருக்கை. அதில் ஏறுவது என்று கிடையாது, விழுவதுதான். ஆயுசு முழுக்க மரக்கிளை கன்னத்தில் உரசுகிற உயரத்தில் உட்கார்ந்து ஓட்டியவளுக்கு, முதல் தடவை உள்ளே விழுந்தபோது தரையே மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பினாள். வண்டி, கட்டிப்போட்ட நாய் வாசலைப் பார்க்கிற மாதிரி கேட்டைப் பார்த்து உறுமியது.

முதல் வாரம் சொன்ன சொல் தவறாமல் ஸ்டார்ட் மட்டும் செய்தாள். அடுத்த வாரம் கேட் வரைக்கும் போய் ரிவர்ஸிலேயே திரும்பி வந்தாள். கேட் வரை போனால் அது ஓட்டுவதில் சேருமா என்ன? அதற்கடுத்த வாரம், விடியற்காலையில், தெரு இன்னும் போர்வைக்குள் இருக்கும்போது, புறவழிச்சாலைக்கே கொண்டுபோய்விட்டாள். காற்று காதோரம் பேசிற்று. திரும்பி வந்து ஷெட்டில் விட்டபோது அவளுக்கு இருபது வயது குறைந்திருந்தது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று பெண் போனில் சொன்ன அதே வியாழக்கிழமை காலையில்தான், ஷெட்டுத் தரையில் அந்தக் கறையைப் பார்த்தாள். முன்பக்கம், வலது சக்கரத்துக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தோசைக்கல் அகலத்துக்கு. விரலில் தொட்டு மோந்தாள். அழுகின முட்டையும் அணைந்த தீக்குச்சியும் சேர்ந்த வாடை. என்ஜின் ஆயில் இப்படி நாறாது. இது கியர் ஆயில். பள்ளிப் பேருந்து டிப்போவில் எத்தனை தடவை மோந்திருப்பாள். கியர் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டு இருக்கிறதே, ஆக்ஸில், அது பெட்டிக்குள் நுழைகிற வாயில் வளையல் அளவுக்கு ஒரு ரப்பர் சீல் இருக்கும். எண்ணெயை உள்ளேயே பிடித்து வைப்பது அதன் வேலை. அது விட்டுவிட்டால் ஒழுகும்.

"பார்த்தியா" என்று அவளுக்குள்ளேயே யாரோ சொன்னார்கள். "ஓட்ட வேண்டாம்னு சொன்னாரு. ஓட்டினே. ஒழுக விட்டுட்டே."

மெக்கானிக்கிடம் விடலாம். ஆனால் அந்த ஊரில் மஞ்சள் வண்டியைத் தெரியாத மெக்கானிக் இல்லை. எல்லாரும் மாப்பிள்ளைக்குக் கூட்டாளிகள். அவர் வந்து இறங்குவதற்கு முன்னால் செய்தி போய் இறங்கிவிடும். அதனால் தானே மாற்றிவிடுவதென்று முடிவு செய்தாள். மாப்பிள்ளை முன்னால் மூக்கு உடைபடுவதற்கு, முழங்கை உராய்வது மேல்.

உதிரிபாகக் கடைக்காரர் சீலை எடுத்து மேஜையில் வைத்தார். "ஸ்போர்ட்ஸ் காருக்கா? யார் ஓட்டுறாங்கக்கா?"

"ஏன், என்னைப் பார்த்தா ஓட்டுற மாதிரித் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது. இது ஒண்ணுதான் இருக்கு, பார்த்துக்கங்க. அடுத்தது சொல்லிவிட்டு வர ஒரு வாரமாவது ஆகும்."

சனிக்கிழமை காலையில் பழைய சீருடைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கினாள். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கரத்தின் நடு நட்டைத் தளர்த்தினாள். ஸ்பேனருக்கு ஒரு நீளக் குழாயை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று, ஒரு குதி. நட்டு முனகிக்கொண்டு இளகியது. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றினாள். டிப்போவில் ஒரு சொல் உண்டு: ஊத்துற வாய் திறக்குதான்னு பார்க்காம ஒழுகுற வாயைத் திறக்காதே. எண்ணெயை வடித்த பிறகு, ஊற்றுகிற மூடி துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால் வண்டி வாயடைத்துப்போய் நிற்கும். மேல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய துணி துவைக்கிற பேசினை அடியில் வைத்து, கீழ் மூடியைத் திறந்தாள். எண்ணெய் கறுப்பாக, அவசரமில்லாமல் இறங்கியது.

சக்கரப் பகுதியைக் கீழே பிணைத்திருந்த பால் ஜாயின்ட்டையும் பிரித்தாயிற்று. இனி சக்கரம் மாட்டுகிற அந்தக் கனத்த இரும்பை ஒரு ஆள் வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க, இன்னொரு ஆள் ஆக்ஸிலை உருவ வேண்டும். இருப்பதோ ஒரு ஆள். மல்லாந்து படுத்து, ஒரு காலால் இரும்பைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"சம்பந்தி? வீட்டில இருக்கீங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பஸ்ஸம்மாவுக்கு மடியிலேயே ஆக்ஸில் இருந்தது.

சம்பந்தியம்மா பெரிய மருத்துவமனையில் ஆபரேஷன் அறை நர்ஸாக இருந்தவள். வெள்ளை வெளேரென்று உடுத்துவாள். கல்யாணத்தின்போதே, பரிமாறுகிறவர்களின் நகத்தைப் பார்த்தவள். பிள்ளைகள் வருகிற அறைக்குப் புதுத் தலையணை உறைகள் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்குள் யாரும் இல்லாமல், ஷெட்டுப் பக்கம் வந்தால், மஞ்சள் வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள்.

"ஐயோ, வண்டி மேல ஏறிடுச்சா?"

"ஏறலை சம்பந்தி. நான்தான் அடியில வந்தேன்." குரல் மட்டும் வெளியே வந்தது. பயப்படாதீர்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

"அடியில என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லை. சின்னதா எண்ணெய் கசிஞ்சுது. அவங்க வர்றதுக்குள்ள மாத்தி வெச்சிடலாமேன்னு."

சம்பந்தியம்மா குனிந்து பார்த்தாள். பேசினைப் பார்த்தாள், எண்ணெயைப் பார்த்தாள், பஸ்ஸம்மாவின் நகத்தையும் பார்த்தாள். பிறகு தலையணை உறைகளைக் கொண்டுபோய் வீட்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு ஜோடி நீலக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

"எதைப் பிடிக்கணும், சொல்லுங்க."

"வேணாம் சம்பந்தி, துணியெல்லாம் கெட்டுப்போயிடும்."

"நான் பார்க்காத அழுக்கா? இதாவது கத்தாது. சொல்லுங்க."

அவள் இரும்பை இழுத்துப் பிடித்தாள். வாகாக, அசையாமல், ஆபரேஷன் மேஜையில் யாருடைய தொடையையோ பிடித்த பழக்கத்தில் பிடித்தாள். பஸ்ஸம்மா கியர் பெட்டிப் பக்கம் கடப்பாரை நுனியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்ப, ஆக்ஸில் 'டக்' என்று விட்டுக்கொடுத்து வெளியே வந்தது.

"சுகப்பிரசவம்" என்றாள் சம்பந்தியம்மா.

அப்புறம் வேலை நடந்த அழகே தனி. சம்பந்தியம்மா ஒரு சுத்தமான துண்டை விரித்து, ஸ்பேனர், சுத்தியல், கொக்கி, நட்டு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தாள். பஸ்ஸம்மா அடியிலிருந்து கையை நீட்டினால் போதும், கேட்ட சாமான் உள்ளங்கையில் சொத்தென்று வந்து விழும்.

"கொக்கி."

"கொக்கி. என்ன எடுக்கறீங்க?"

"பழைய சீலை."

"நானும் பார்க்கலாமா?" கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டார்ச்சோடு பக்கத்தில் குந்தி, சீல் இருந்த இடத்தையும் அதற்குக் கீழே இருந்த இரும்பையும் வெகு நேரம் பார்த்தாள். விரலால் சுரண்டினாள். புழுதியும் எண்ணெயும் ஏடு ஏடாக ஒன்றன் மேல் ஒன்று காய்ந்து, மரப்பட்டை மாதிரி உரிந்து வந்தது.

"சம்பந்தி, இது புதுப் புண் இல்லை. நாள்பட்ட புண். காய்ஞ்சு, மறுபடி கசிஞ்சு, மறுபடி காய்ஞ்சிருக்கு. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்."

"அப்ப நான் ஓட்டினதால இல்லையா?"

தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான். சொல்லி முடித்த பிறகுதான் பஸ்ஸம்மாவுக்குத் தன் குரல் கேட்டது. பேசினில் கடைசிச் சொட்டு ஒன்று விழுந்தது.

"ஓட்டினீங்களா?" என்றாள் சம்பந்தியம்மா.

"ஓட்டினேன்." மல்லாந்து படுத்தபடியே, வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஓட்ட வேண்டாம்னுதான் சொல்லிட்டுப் போனாரு. மனசு கேக்கலை. என் ஓட்டல் மேல அவருக்கு நம்பிக்கை இல்லைன்னு நினைச்சா ராத்திரியில தூக்கம் வரலை சம்பந்தி. அப்புறம் இது ஒழுகவும், அவர் நினைச்சது சரின்னு ஆயிடுச்சேன்னு."

சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே புதுச் சீலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸம்மா கையை நீட்டினாள். சீல் உள்ளங்கையில் வந்தது. அதன் ரப்பர் உதட்டுக்குக் கிரீஸ் தடவி, கியர் பெட்டியின் வாயில் பொருத்தி, குளியலறைக்குப் போட்டு மிஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்து, சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. கண்ணில் மட்டும் மாப்பிள்ளையின் முகமே நின்றது. சீல் விளிம்போடு விளிம்பாக, கோணாமல் உட்கார்ந்தது.

"ஆக்ஸிலைக் குடுங்க, மாட்டிடலாம்."

"இருங்க. உள்ளே ஒண்ணும் விட்டுட்டோமான்னு பார்க்காம மூடக்கூடாது." துண்டைப் பார்த்து ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனாள். ஆபரேஷன் அறையில் தையல் போடுவதற்கு முன்னால் அப்படித்தான் எண்ணுவார்களாம். எண்ணி முடித்துவிட்டு, "குறையலை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு கூடுது" என்றாள்.

பஸ்ஸம்மா அடியிலிருந்து நகர்ந்து வந்து பார்த்தாள். துண்டின் ஓரத்தில், சங்கிலி போல மெல்லிசாக, வட்டமாக, பளபளவென்று ஒரு சுருள்கம்பி.

"இது எங்கேயிருந்து வந்துச்சு?"

"அந்தப் புது ரப்பருக்குப் பின்னால சுத்தி மாட்டிக்கிட்டிருந்துச்சு. பேக்கிங்குக்குக் கட்டி வர்ற கம்பின்னு நினைச்சேன். கழட்டிட்டு ஸ்பிரிட் போட்டு நல்லா துடைச்சுக் குடுத்தேன்."

பஸ்ஸம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கம்பிதான் சீலின் உயிர். ரப்பர் உதட்டை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். இப்போது சீல் பெட்டிக்குள்ளே, கம்பி துண்டின் மேலே. உட்பக்கம் மாட்ட வேண்டிய கம்பியை வெளியிலிருந்து மாட்ட வழியில்லை. சீலை எடுக்க வேண்டுமென்றால் நெம்ப வேண்டும், நெம்பினால் வளைந்துவிடும். நெம்பினாள். வளைந்துவிட்டது.

"சுத்தம் சோறு போடும்னு எங்க மேட்ரன் சொல்வாங்க" என்றாள் சம்பந்தியம்மா, சின்னக் குரலில்.

"இன்னைக்குச் சுத்தம் இலையை எடுத்துட்டுப் போயிடுச்சு."

"நான் கழட்டியிருக்கக் கூடாது."

"நானும் பார்த்திருக்கணும் சம்பந்தி. வாங்கும்போது கம்பி இருக்கான்னு கண்ணு பார்க்கணும். கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு."

இரண்டு பேரும் சக்கரத்தின் மேலும் ஸ்டூலின் மேலுமாக உட்கார்ந்தார்கள். கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்தது வர ஒரு வாரம். அவர்கள் வருவது நாளைக்கு. வண்டி ஒரு சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கப்போகிறது. மாப்பிள்ளை பெட்டியை இறக்கி வைப்பதற்குள் பார்த்துவிடுவார். பஸ்ஸம்மா கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

சம்பந்தியம்மா திடீரென்று தலையைத் தூக்கினாள். "சம்பந்தி, என் பையனை எனக்குத் தெரியும். சின்ன வயசுல காய்ச்சல்னு மருந்து வாங்கிக் குடுத்தா, குடிக்க மாட்டான். தலையணைக்கு அடியில வெச்சுட்டுத் தூங்குவான். வாங்கிட்டாலே பாதி சரியாயிடுச்சுன்னு அவனுக்கு நினைப்பு. இப்ப மட்டும் மாறியிருப்பானா? இது பழைய ஒழுக்குன்னா அவனுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சா வாங்கியிருப்பான். வாங்கியிருந்தா, எதுக்காவது அடியில இருக்கும்."

வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தார்கள். விரிப்பைத் தூக்கினார்கள். மாற்றுச் சக்கரத்துக்கு அடியில், புழுதி படிந்த பிளாஸ்டிக் உறையில், பிரிக்காமல் இரண்டு சீல்கள் இருந்தன. ஒன்றில் 'வலது' என்றும் மற்றதில் 'இடது' என்றும் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. உறைக்குப் பக்கத்தில் நாலாக மடித்த ஓர் அட்டை. பிரித்தால், நடுவில் வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. வண்டி நிற்கும்போதெல்லாம் அடியில் போட்டு எடுத்த அட்டை. ஊருக்குப் போகிற அன்று அதை மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"ஓட்ட வேண்டாம்னு சொன்னது உங்களை நினைச்சு இல்லை" என்றாள் சம்பந்தியம்மா. "வண்டியை நினைச்சு."

"அது நீங்க சொல்றீங்க. அவர் சொல்லலையே."

"அவன் எதைத்தான் சொன்னான்? கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டதுக்கே தலையைத்தான் ஆட்டினான்."

வலது என்று எழுதியிருந்த சீலை எடுத்தார்கள். இந்தத் தடவை பஸ்ஸம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கம்பி இருக்கிறதா என்று நகத்தால் தொட்டுப் பார்த்தாள். சம்பந்தியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சீல் உட்கார்ந்தது. ஆக்ஸிலின் பல்லு ரப்பர் உதட்டில் படாமல், தூங்குகிற குழந்தையின் கைக்கடியிலிருந்து போர்வையை உருவுகிற மாதிரி மெதுவாக உள்ளே விட்டாள். 'டக்' என்றது. சத்தத்தைக் கேட்டு இரண்டு பேருமே மூச்சு விட்டார்கள். பால் ஜாயின்ட்டைக் கோர்த்து, நட்டை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, புது எண்ணெயை மேல் வாயில் வழிந்து எட்டிப் பார்க்கிற வரைக்கும் ஊற்றி மூடினாள்.

"ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றாள் பஸ்ஸம்மா. சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாம எப்படி விடறது? நோயாளியை நடக்க வெச்சுப் பார்த்துட்டுத்தானே வீட்டுக்கு அனுப்புவோம்." அவள் ஏற்கனவே மறுபக்கக் கதவைத் திறந்திருந்தாள். உள்ளே விழுந்தவள், "அடேயப்பா, ஊரே உயரமாயிடுச்சு" என்றாள். புறவழிச்சாலை போய்த் திரும்புகிற வரைக்கும் கைப்பிடியை விடவில்லை, வாயையும் மூடவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகுமா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்தார்கள். மறுநாள் காலையில் அதில் செய்தி மட்டும்தான் இருந்தது.

அவர்கள் வந்து இறங்கும்போது சம்பந்தியம்மாவும் வந்துவிட்டிருந்தாள். பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பெட்டிகளை இறக்கி வைத்தார், எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், ஷெட்டுப் பக்கம் போனார். போனவர் காலணிக் கயிற்றைக் கட்டுகிற மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். காலில் இருந்ததோ கயிறே இல்லாத செருப்பு.

"தேடுறது கிடைக்கலையாடா?" என்றாள் அவருடைய அம்மா.

அவர் நிமிர்ந்தார். பஸ்ஸம்மா சட்டைப் பையிலிருந்து பழைய சீலை எடுத்து நீட்டினாள். மடித்த அட்டையும் அவள் கையில் இருந்தது. இத்தனை நாள் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை.

"ஓட்டினேன் மாப்பிள்ளை. வேண்டாம்னு சொல்லியும் ஓட்டினேன். அப்புறம் இதைப் பார்த்தேன், மாத்திட்டேன்."

மாப்பிள்ளை சீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது நுனி வரைக்கும் சிவந்துபோயிற்று.

"நீங்களா மாத்தினீங்க?"

"நாங்க ரெண்டு பேரும்."

"அத்தை, நான்..." வழக்கம்போல விழுங்கப் பார்த்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். விழுங்க முடியவில்லை. "காலமெல்லாம் வண்டி ஓட்டினவங்க நீங்க. உங்ககிட்ட ஒழுகுற வண்டியைக் குடுத்துட்டுப் போறேன். ஒழுகுதுன்னு சொன்னா, ஒரு வருஷமா வெச்சுக்கிட்டு என்ன பண்ணினீங்கன்னு கேப்பீங்க. வெட்கமா இருந்துச்சு. அதனாலதான் ஓட்ட வேண்டாம்னு மட்டும் சொன்னேன்."

பஸ்ஸம்மாவின் நெஞ்சில் குறுக்கே கிடந்த முள் கரைந்து இறங்கிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல், "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான். எப்படி இருந்துச்சு அத்தை, ஓட்டுறதுக்கு?"

"ரெண்டாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்குது. மெரட்டினா வராது, காத்திருந்தா வரும்."

"ஆமா அத்தை, குளிர்ல இன்னும் அடம் பிடிக்கும். எண்ணெய் சூடாகிற வரைக்கும் நான் ஒண்ணுலேருந்து மூணுக்குப் போயிடுவேன். அந்த வளைவுல, தண்ணித் தொட்டிக்கு அப்புறம், அங்கே மூணுல விட்டுப் பாருங்க..." பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் கியர் எண்ணெய் மாதிரி இறங்கியது. பஸ்ஸம்மா சாவியை நீட்டினாள். அவர் பேசிக்கொண்டே அவள் விரல்களை அதன் மேல் மடித்துவிட்டு, இடப்பக்கச் சக்கரத்தின் அருகே குனிந்தார். விரலை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் லேசாக ஈரம்.

"இந்தப் பக்கமும் வேர்க்க ஆரம்பிச்சிருக்கு அத்தை."

"இடது சீல் இருக்கே" என்றாள் பஸ்ஸம்மா, ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு.

"வந்து இன்னும் தண்ணிகூடக் குடிக்கலை" என்றாள் பெண். யாரும் கேட்காமல் போனதால் தானே உள்ளே போய்க் குடித்தாள்.

சம்பந்தியம்மா அதற்குள் துண்டை விரித்தாயிற்று. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"கையைக் கழுவிட்டு வாடா. நான் கம்பியைத் தொட மாட்டேன்."